சூளையோரப் பள்ளிக்கூடம்

திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளையை ஒட்டி, ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்தும் பள்ளி இது. இன்று ஒரு சிறுமி தன் பெயரை ஒடியாவில் எழுதி, அதன் கீழே தமிழிலும் எழுதினாள். ஒடியா எழுத்துகள் உருண்டையானவை. அந்தப் பழக்கத்தில் நம் 'ட'வின் முனையையும் வளைத்துவிட்டாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா மாவட்டக் குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு கிளம்பி வருகின்றன. மழைக்கு முன் திரும்புகின்றன. இடையில் பிள்ளைகளின் படிப்புதான் அறுந்துபோகிறது. தாய்மார்களோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், மாத்திரையை எப்போது கொடுப்பது என்று இந்தியில் விளக்குவதும் எங்கள் வேலைதான்.

மாற்றுச் சான்றிதழ் இல்லையென்று ஒரு பள்ளி நேற்று ஒரு சிறுவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. நாளை சட்ட நகலோடும் அவன் அப்பாவோடும் போகிறேன்.