ரப்பருக்கு ஒன்று, உலோகத்துக்கு வேறொன்று

மார்ச் 3

கேஸ் அழுத்தத்தில் பிளாஸ்டிக் குண்டு சுடும் என் ஏர்சாஃப்ட் விளையாட்டுப் பிஸ்டலால் மூன்று வாரமாக ஒரே தொல்லை. முதல் குண்டு நேராகப் போகும், அடுத்தது இடப்பக்கம் வளையும், அதற்கடுத்தது பாதி வழியிலேயே தாழும். குண்டுகளை மாற்றினேன், கேஸை மாற்றினேன், பயனில்லை. இன்று குண்டும் கேஸும் அடைக்கும் மேகசினை எடுத்து, மேலே முன்பின் நகரும் ஸ்லைடை இழுத்து உள்ளே குண்டு இல்லை என்று உறுதிசெய்த பிறகு பிஸ்டலைக் கழற்றினேன். ஹாப்-அப் ரப்பர் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. சென்ற மாதம் குழலுக்குள் சிலிக்கோன் ஆயிலைப் பீய்ச்சியது நான்தான்.

ஹாப்-அப் ரப்பர் குண்டின் மேற்பக்கத்தை உரசிப் பின்சுழற்சி தருகிறது. அந்தச் சுழற்சிதான் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டைக் கீழே விழவிடாமல் தாங்கிக்கொண்டு போகிறது. உரசலை நம்பி இயங்கும் இடத்தில் எண்ணெய் விட்டால், ஒவ்வொரு குண்டும் வெவ்வேறு அளவில் வழுக்கும்.

மார்ச் 4

உட்குழலைத் தனியே எடுத்தேன். ரப்பரை மெதுவாக உருவி, சோப்புநீரில் கழுவி நிழலில் உலரவைத்தேன். குழலுக்குள் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணித்துண்டைக் கம்பியில் கோத்து ஓட்டினேன். முதல் துண்டு கன்னங்கரேலென்று வந்தது, ஆறாவதுதான் வெள்ளையாக வந்தது. கடைசியாக ஓர் உலர்ந்த துண்டு.

குழலைக் கழற்றாமல் சுத்தம் செய்பவர்கள் ஹாப்-அப்பை முழுவதும் தளர்த்திவிட்டுத்தான் கம்பியை நுழைக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பரின் மேடு கிழிந்துவிடும்.

மார்ச் 6

இன்று ஸ்லைடு. தண்டவாளம் போன்ற அந்த இரு பள்ளங்களிலும் கரும்பசை அடைந்திருந்தது. துத்தநாகக் கலவை உலோகத்தின் துகளும் பெயிண்ட்டும் பழைய எண்ணெயும் சேர்ந்த சேறு அது. இதன்மேல் புது எண்ணெய் விடுவது சாணைக்கல்லை ஈரப்படுத்துவதற்குச் சமம். தேய்ந்துபோன ஸ்லைடு மறுபடி வளராது. ஆகவே முதலில் துடைப்பு, பிறகே மசகு. பழைய பல்துலக்கி, பஞ்சுக்குச்சி, ஆல்கஹால் கொண்டு ஒரு மணி நேரம் பொறுமையாக எடுத்தேன்.

துடைத்து முடித்ததும் பெயிண்ட் உதிர்ந்து பளபளக்கும் இடங்கள் தெரிந்தன. உலோகமும் உலோகமும் எங்கே உரசுகின்றன என்று பிஸ்டலே வரைந்து காட்டும் படம் அது. பள்ளங்களின் விளிம்பு, வெளிக்குழல் சாய்ந்து ஏறும் இடம், சுத்தியலும் அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கியும் தொடும் முனை. இவற்றில் மட்டும் டெஃப்லான் கலந்த கிரீஸைப் பல்குத்தும் குச்சியின் நுனியால் மெல்லிய படலமாகத் தடவினேன். விரலால் தொட்டால் வழவழக்க வேண்டும், வழியக் கூடாது. குண்டைக் குழலுக்குள் தள்ளும் நாசிலுக்குள் இருக்கும் பிஸ்டனின் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் ஆயில், ஒரே ஒரு துளி.

மார்ச் 7

மேகசின் கசிந்துகொண்டிருந்தது. சோப்புநுரையைத் தடவியதும் வால்வின் ஓரத்தில் குமிழி எழுந்தது. கேஸ் நிரப்பும் துளையில் சிலிக்கோன் ஆயில் இரண்டு சொட்டு விட்டு, கேஸ் அடைத்து, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு குண்டில்லாமல் பத்து முறை சுட்டேன். கசிவு நின்றது. துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் பெட்ரோலிய ஸ்ப்ரேயை இங்கே பயன்படுத்தவே கூடாது, சில வகை ரப்பர் அதில் ஊதிப்போகும்.

மேகசினைச் சிறிதளவு கேஸோடுதான் எடுத்துவைத்தேன். அழுத்தம் இருந்தால்தான் வளையங்கள் தம் இடத்தில் பதிந்திருக்கும். கார்பன்-டை-ஆக்சைடு குப்பி போடும் மேகசினுக்கு இது பொருந்தாது, ஆட்டம் முடிந்ததும் 12 கிராம் குப்பியைக் காலிசெய்து எடுத்துவிட வேண்டும்.

இரவு ஒரு சந்தேகம் வந்து, குழலில் உலர்ந்த துணியை ஓட்டிப் பார்த்தேன். எண்ணெய்! மேகசினில் விட்ட சொட்டுகளைக் கேஸ் புகைபோல அடித்துக் குழலுக்குள் கொண்டுவந்திருக்கிறது. நான்காம் தேதி செய்த வேலை முழுவதையும் மீண்டும் செய்தேன். வரிசையே தவறு. இனி மேகசின் முதலில், குழல் கடைசியில்.

மார்ச் 9

பத்து மீட்டர் தூரத்தில் அட்டை. ஹாப்-அப்பைத் தளர்ந்த நிலையிலிருந்து சிறிது சிறிதாக ஏற்றினேன். முதல் மூன்று குண்டுகள் கொஞ்சம் தாழ்ந்தன. அதன்பின் சுட்ட பத்தில் ஒன்பது என் உள்ளங்கை அளவுக்குள் விழுந்தன. ஸ்லைடு பின்னால் போய்த் திரும்பும் ஓசை கூட மாறியிருக்கிறது. அரைக்கும் சத்தம் இல்லை, சுத்தமான ஒரே தட்டு.