வாசலில் நின்றபடியே "ரெண்டையும் வெட்டணும்" என்றார்: இரண்டு பெரிய மரங்களை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு

வீட்டுத் தோட்டத்தில் பெரிய மரம் வைத்திருப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மரத்தை வெட்டிப் பிழைப்பவரிடம் போய் "வெட்டலாமா?" என்று கேட்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் வாயிலிருந்து வரப்போகிற பதில் ஒன்றுதான்.

எங்கள் வீட்டின் பின்பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரம், பக்கவாட்டில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு வேம்பு. இரண்டும் மாடியைத் தாண்டிய உயரம். வேம்பு நன்றாகத் தெரியும்படி வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது, அதன் அருகில் சுவரில் விரிசல், சாக்கடைக் குழாய் வேறு அடிக்கடி அடைத்துக்கொண்டது. இதற்கிடையே ஒரு பெருங்காற்றில் தூங்குமூஞ்சியின் கிளை ஒன்று முறிந்து, துணி காயப்போடும் கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அன்று ராத்திரி வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை.

மறுநாளே கான்ட்ராக்டரை வரச் சொன்னோம். கேட்டைத் திறந்து உள்ளே ஓர் அடி வைத்ததோடு சரி, அங்கிருந்தே அண்ணாந்து பார்த்துவிட்டு, "ரெண்டுமே போயிடணும் சார், வேம்பு ரொம்ப டேஞ்சர், நாளைக்கே ஆள் அனுப்புறேன்" என்றார். அடிமரத்துப் பக்கம் போகவே இல்லை. வெட்ட வேண்டாமென்றால் வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு வழி சொன்னார். ஒன்று, உச்சியை மொத்தமாக மொட்டையடித்துவிடுவது. இன்னொன்று, சுவர்ப் பக்கம் பள்ளம் தோண்டி அந்தப் பக்கத்து வேர்களை மட்டும் வெட்டிவிடுவது. இரண்டுமே மரத்தை இப்போது இருப்பதைவிட ஆபத்தாக்கும் வேலைகள் என்று பிறகு தெரிந்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஏன் ஆபத்து என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த யோசனையை உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். உச்சியை மொட்டையடித்தால் மரம் தன் இலைகளை ஒரே நாளில் இழக்கிறது, பதறிப்போய் வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகப் புதுக் கிளைகளை விடுகிறது. அந்தக் கிளைகள் மரத்தின் உள்ளிருந்து வளர்ந்தவை அல்ல, மேல்பட்டையை ஒட்டிப் பிடித்திருப்பவை. சீக்கிரமே கனமாகிவிடும், அடியில் வெட்டுவாய் வழியாக அழுகல் இறங்கிக்கொண்டிருக்கும், அடுத்த காற்றில் கழன்று விழும். வேர் விஷயம் இன்னும் மோசம். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மண்ணின் மேல் 60 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கிறது, படர்ந்திருப்பதோ கிளைகளின் விரிவையும் தாண்டி. ஒரு பக்கத்துப் பெரிய வேர்களை அடிமரத்துக்கு அருகில் வெட்டினால், கூடாரத்தின் ஒரு பக்கக் கயிறுகளை மட்டும் அறுத்துவிட்ட மாதிரிதான்.

அப்புறம் எங்கள் அக்கா சொல்லித்தான் மரங்களைப் பரிசோதித்து அறிக்கை கொடுப்பதை மட்டுமே தொழிலாகச் செய்யும் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். வெட்டும் வேலையை அவர் எடுப்பதில்லை. அதனால் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் அவருக்கு ஒரே கூலி. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தச் செலவு தகும்.

அவர் வந்ததும் மேலே பார்க்கவே இல்லை. நேராகப் போய்த் தூங்குமூஞ்சியின் தூரில் மண்டியிட்டு உட்கார்ந்தார். அங்கே யாரோ எப்போதோ அலங்காரத்துக்காக மண்ணைக் குவித்துச் செங்கல் வரம்பு கட்டியிருந்தார்கள். அந்த மண்ணைக் கையாலேயே விலக்கிக்கொண்டு போனார். ஆரோக்கியமான மரத்தின் அடி மண்ணைத் தொடும் இடத்தில் அகன்று வேராக விரிய வேண்டும், கம்பம் நட்டது போல நேராக இறங்கினால் அடி புதைந்துவிட்டது என்று அர்த்தம், ஈரம் நின்று பட்டை அழுக ஆரம்பித்திருக்கும் என்றார். மண்ணை விலக்கியபோது பின்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், ஒரு காளான். மரப்பலகையில் அலமாரித் தட்டு அடித்த மாதிரி, மேலே அரக்குச் சிவப்பு, ஓரத்தில் வெள்ளை விளிம்பு, சுற்றியுள்ள இலைகளின் மேல் கோகோ பொடி தூவியது போல ஒரு பழுப்புத் தூள். மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை அதன் பக்கத்தில் வைத்து அழுத்தினார், உள்ளங்கை நீளத்துக்கு மேல் சுலபமாக இறங்கியது. மரச் சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். முன்பக்கம் 'டொக்' என்று கெட்டியான சத்தம், பின்பக்கம் வந்ததும் பறை போல அதிர்ந்தது.

மேலே பார்த்தால் அந்த மரம் பச்சைப் பசேலென்று இருந்தது. அதுதான் எங்கள் எல்லோரையும் ஏமாற்றியது. இலைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோவது வெளிப்பக்கத்து இளம் மரம், அது நன்றாக இருந்தால் இலை பச்சையாகத்தான் இருக்கும். மரத்தைத் தாங்கிப் பிடிக்கும் வைரம் பாய்ந்த நடுமரம் உள்ளே அழுகிக்கொண்டிருப்பதும், நங்கூரமாக இருக்கும் வேர்கள் போய்க்கொண்டிருப்பதும் இலையில் தெரியாது. பொந்து விழுந்த மரமெல்லாம் ஆபத்து என்றும் இல்லை. பொந்தைச் சுற்றியுள்ள நல்ல மரத்தின் தடிமன், மரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் பொதுவாகப் பயப்பட வேண்டாம் என்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். எங்கள் மரத்தில் பின்பக்கம் அந்தத் தடிமன் இல்லை, வேரும் போயிருந்தது, விழுந்தால் விழும் திசையில் படுக்கையறை. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றார்.

வேம்புக்கு வந்தார். "ரொம்ப டேஞ்சர்" என்று சொல்லப்பட்ட மரம். சாய்ந்த மரங்களில் இரண்டு வகை. சின்ன வயதிலிருந்தே வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்து வளர்ந்தவை, அவற்றின் மேல்பாதி வளைந்து நிமிர்ந்திருக்கும், சாய்வுக்குத் தக்கபடி அடியில் மரமும் தடித்திருக்கும். புதிதாகச் சாய்ந்தவை உச்சிவரை ஒரே கோடாகச் சாய்ந்திருக்கும், சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்தோ மேடு தட்டியோ இருக்கும். இரண்டாவது வகையைக் கண்டால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட வேண்டும். எங்கள் வேம்பு முதல் வகை. தூரில் ஒரு காளான்கூட இல்லை, தட்டினால் சுற்றிலும் ஒரே சத்தம். "இதை ஏன் வெட்டணும்?" என்று அவர் கேட்டபோது என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது, அவளுக்குப் பிடித்த மரம் அது.

குழாய் அடைப்புக்கும் வேம்புதான் காரணம் என்று பிளம்பர் சாதித்திருந்தார். வேர்கள் நல்ல குழாயை உடைத்துக்கொண்டு உள்ளே போவது அரிது. ஏற்கெனவே கசியும் இணைப்பின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டுதான் மெல்லிய வேர் நுழைகிறது. தோண்டிப் பார்த்தால் பழைய மண்குழாய், இணைப்பெல்லாம் விட்டுப்போயிருந்தது. குழாயை மாற்றினோம், அடைப்பு நின்றது.

சுவர் விரிசல்தான் கொஞ்சம் யோசிக்க வைத்தது. எங்கள் மண் களிமண். காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும், மரம் தண்ணீரை உறிஞ்சும்போது அந்தச் சுருக்கம் அதிகமாகும். அப்படியென்றால் மரத்தை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமே என்று தோன்றும். கட்டட இன்ஜினியர் வேண்டாம் என்றார். பல வருடங்களாக மரம் உலர்த்தி வைத்திருந்த களிமண், மரம் போனதும் மெல்ல மெல்ல ஈரம் ஏறி உப்பி, அஸ்திவாரத்தை மேலே தள்ளவும் கூடும். விரிசலின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவைக்கச் சொன்னார். வெயிலில் அகன்று மழையில் மூடிக்கொள்கிறதா, இல்லை ஒரே திசையில் வளர்ந்துகொண்டே போகிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யலாம் என்றார். எங்களுடையது மூடித் திறக்கும் ரகம், காம்பவுண்டுச் சுவரோடு நிற்கிறது, வீட்டுச் சுவருக்கு வரவில்லை. விட்டுவிட்டோம்.

இனி அலுவலகக் கதை. சொந்தத் தோட்டத்து மரம்தானே என்று நினைக்க வேண்டாம், பல இடங்களில் அதற்கும் அனுமதி வாங்க வேண்டும், வாங்காமல் வெட்டினால் அபராதம். மனு எழுதி, போட்டோ வைத்து, கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த கிளார்க் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, சுற்றளவு எங்கே என்றார். எழுதியிருக்கிறேனே என்றேன். டேப்பைச் சுற்றிப் பிடித்தபடி போட்டோ வேண்டுமாம். அது படிவத்தில் எங்கும் இல்லை. திரும்பி வந்து, தரையிலிருந்து மார்பு உயரத்தில், அதாவது சுமார் 1.3 மீட்டரில், டேப்பைச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டு போனால், மரம் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அடுத்த வீட்டுக்காரர் ஆட்சேபணை இல்லையென்று எழுதிக் கொடுத்தாரா என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். அதுவும் வாங்கிக்கொண்டு போன அன்று கையெழுத்துப் போடுகிறவர் லீவு. மரம் எந்த நிமிடம் சாயுமோ என்று பின்னறையைப் பூட்டிவிட்டு முன்னறையில் எல்லோரும் படுத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

கடைசியில் வேலை செய்தது அந்தப் பரிசோதனை அறிக்கைதான். காளான் படம், கம்பி இறங்கிய ஆழம், விழுந்தால் எங்கே விழும் என்ற வரைபடம் எல்லாம் அதில் இருந்தது. மேலதிகாரியைப் பார்த்து அதை நேராக அவர் கையில் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு உடனே ஆளை அனுப்பினார், அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. எனவே மனுவோடு அறிக்கையையும் முதல் நாளே இணைத்துவிடுங்கள். என்னென்ன காகிதம் வேண்டும் என்பதை வாயால் கேட்காமல் எழுதி வாங்குங்கள்.

வெட்டியது வேறு ஆட்கள். கயிறு கட்டி மேலிருந்து துண்டு துண்டாக இறக்கினார்கள். கூடு எதுவும் இல்லையென்று முதலில் ஒருவர் ஏறிப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. கடைசி அறுப்பில் அடிமரம் திறந்தபோது நடுவில் ஒரு ஆள் கையை முழங்கைவரை விடலாம், பின்பக்கத்து நல்ல மரம் இரண்டு விரல்கடைதான். அதைப் பார்த்த பிறகு எங்களுக்கு ஒரு சஞ்சலமும் இல்லை.

வேம்பில் வீட்டுக் கூரைமேல் நீட்டிக்கொண்டிருந்த கிளைகளை மட்டும் கவாத்து செய்தோம். இதற்கு நான் பக்கத்திலேயே நின்றேன். கனமான கிளையை ஒரே வெட்டில் எடுத்தால் விழும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். முதலில் சற்றுத் தள்ளி அடிப்பக்கத்தில் பாதி அறுப்பு, அதற்கும் வெளியே மேலிருந்து முழு அறுப்பு, கிளை போன பிறகு மிச்சமிருக்கும் குச்சியை, அடிமரத்தோடு சேரும் இடத்தில் கழுத்துப் பட்டை போல உப்பியிருக்குமே, அந்த உப்பலைத் தொடாமல் அதை ஒட்டி வெட்ட வேண்டும். அந்த உப்பல்தான் காயத்தை மூடும். தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம், அழுகலை அது தடுப்பதில்லை. ஒரே தடவையில் பச்சைத் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்கவும் கூடாது.

பேரம் பேசும்போது ஒன்றைக் கட்டாயம் எழுதிவிடுங்கள்: அடிக்கட்டை யார் பொறுப்பு, மரத்துண்டுகள் யாருக்கு, சுவரோ ஓடோ உடைந்தால் யார் சரிசெய்வது. நாங்கள் எழுதியிருந்தோம். அப்படியும் கடைசி நாள் சாயங்காலம் அடிக்கட்டையை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுக்கப் பார்த்தார்கள், காகிதத்தைக் காட்டிய பிறகுதான் அரைக்கும் மெஷின் வந்தது. அழுகிய தூரையும் காளான் பிடித்த வேரையும் மண்ணில் விட்டுவிட்டால் பூஞ்சை அங்கேயே இருந்துகொண்டு அடுத்து நடும் மரத்துக்கும் போகலாம் என்பதால், எட்டும் வேர்களையெல்லாம் எடுக்க வைத்தேன். புதுக் கன்றை அந்தக் குழியில் வைக்காமல் நன்றாகத் தள்ளி, தூர் வெளியே தெரியும்படி நட்டிருக்கிறோம்.