அப்பா கேட்ட செட்

அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். முந்தின நாள் காலையிலிருந்து மேலூருக்கும் எங்கள் ஊருக்குமாக பைக்கில் அலைந்துகொண்டிருந்தேன். வாழை இலை, கரும்பு, ஆசாரிக்குத் தாம்பூலம், சமையல்காரர் மறந்துபோன பெருங்காயம் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து ஒவ்வொரு தடவையாக ஓடவிட்டார்கள்.

இதற்கு நடுவில் அதற்கும் முந்தின நாள் ராத்திரியே ஒரு விபத்து. பல் செட்டைக் கழுவும்போது அப்பாவின் கை வழுக்கி, அது வாஷ்பேசினில் விழுந்து சரிபாதியாகப் பிளந்துவிட்டது. மேல்வரிசை முழு செட். எவர்சில்வர் டம்ளருக்குள் ரெண்டு ரோஸ் கலர் துண்டு, பக்கத்துக்கு ஏழு பல். பார்க்கவே பாவமாக இருந்தது. விடிந்ததும் அப்பாவே அதைக் காகிதத்தில் மடித்து முதல் பஸ்ஸில் மேலூர் பல் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, துண்டால் வாயைப் பொத்தியபடி திரும்பி வந்தார். இது எனக்குத் தெரியாது. பெருங்காயத்துக்குப் போயிருந்தேன்.

பதினோரு மணிக்கு அப்பாவிடமிருந்து போன்.

“தம்பி, ஷெத்து ரெடியாம். அத்வான்ஸ் குதுத்தாச்சு. மிச்சம் ஐநூறு குதுத்து வாங்கித்து வா.”

பல் இல்லாத வாய், வண்டிச் சத்தம் வேறு. செட், அட்வான்ஸ், ஐநூறு. மூன்று மட்டும் காதில் விழுந்தது. காதுகுத்து வீட்டில் செட் என்றால் வேறென்ன? நேராக மைக் செட்காரர் கடைக்குப் போனேன்.

“சாயங்காலம் நாங்களே வந்து கட்டிருவோமேண்ணே, இப்ப என்ன அவசரம்?” என்றார் அவர்.

“அப்பா இப்பவே வேணுங்கறார்.”

“காலையிலயே என்ன பண்ணப் போறாரு?”

“அவர் இஷ்டம். ஏத்துங்க.”

ஐநூறைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், மறுபேச்சில்லை. லோடு ஆட்டோவில் ஆள் உயர பாக்ஸ் ரெண்டு, ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒயர் சுருள் எல்லாம் ஏறின. நான் முன்னால் பைக்கில் ஊர்வலம் மாதிரி வீடு வந்து சேர்ந்தேன்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் சட்டைப்பையைப் பார்த்தார். கையைப் பார்த்தார். அப்புறம் ஆட்டோவிலிருந்து இறங்கும் பாக்ஸைப் பார்த்தார். துண்டை எடுத்துவிட்டு என்னவோ சொன்னார். பல் இல்லாததால் என்ன வசவு என்று பிடிபடவில்லை. அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

அம்மாதான் உள்ளேயிருந்து வந்து விஷயத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டு பாக்ஸை மேலும் கீழும் பார்த்து, “இதை வாயில மாட்டுனா மேலூர் வரைக்கும் கேக்குமே” என்றாள். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றைக்கு மத்தியானம் அவருக்குக் கரைத்த மோர்சோறுதான், வீட்டில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது.

மறுபடி பைக். பல் டாக்டர் கிளினிக்கில் இருந்த பொண்ணிடம், “அப்பாவோட செட்” என்றேன்.

“இன்னும் செட் ஆகலை சார். அரை மணி நேரம் உக்காருங்க.”

உடைந்த ரெண்டையும் சேர்த்து வைத்து, உள்பக்கம் மாவு ஊற்றி அச்சு எடுத்து, விரிசலில் ரோஸ் கலர் பசையை நிரப்பியிருந்தார்கள். அது இறுக வேண்டுமாம். ஆக, செட் இன்னும் செட் ஆகவில்லை.

அந்த அரை மணியில் போனை நோண்டினேன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் வந்தபோது, ‘செட்’ என்ற இந்த ஒரு வினைச்சொல்லுக்கு 430 பொருள் போட்டிருந்தார்களாம். பிற்பாடு ‘ரன்’ அதை முந்திவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதிக்காரர் ஒன்பது மாதம் உட்கார்ந்து, அந்த வினைச்சொல்லுக்கு 645 பொருள் பிரித்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், பல் செட்டில் இருக்கிற செட்டும், பசை இறுகுகிற செட்டும் பிறப்பில் ஒன்றே அல்ல. முன்னது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, பின்னது பழைய ஆங்கிலத்தில் ‘உட்காரவை’ என்பதிலிருந்து வந்தது. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு கருப்பையா இருப்பது மாதிரிதான். பேர் ஒன்று, வீடு வேறு.

430 இருக்கட்டும். நம்ம ஊர்க் கணக்கை யார் எழுதுவது? ஹோட்டலில் பூரி ஒரு செட் என்றால் ரெண்டா மூணா என்பது முதலாளியின் மனசைப் பொறுத்தது. கிணற்றடியில் பம்புசெட். கூடப் படித்தவன் ‘எங்க செட்டு’. ஜாதகம் பொருந்தினாலும் பையனுக்கும் பொண்ணுக்கும் ‘செட் ஆகலை’. போதாக்குறைக்கு மாட்டுக்கொட்டகைக்குப் போட்ட ஷெட்டும் எங்கள் பக்கத்து வாயில் செட்டுதான். நான் கிளினிக்கில் இருக்கும்போதே மைக் செட்காரர் போன் பண்ணி, “அண்ணே, மழை வர மாதிரி இருக்கு, செட்டைத் தூக்கிச் செட்டுல வெச்சிட்டேன்” என்றார். எனக்குப் புரிந்தது. அகராதிக்காரர்களைக் கூட்டிவந்தால் இதற்கே இன்னொரு ஒன்பது மாதம் உட்காருவார்கள்.

ஒருவழியாகப் பல் வந்தது. சின்ன பிளாஸ்டிக் டப்பாவில், தண்ணீரில் மூழ்கியபடி. மிச்சம் ஐநூறை இங்கேயும் கொடுத்தேன். அப்பா மாட்டிப் பார்த்து, கண்ணாடி முன்னால் நின்று நாலு தடவை “செட், செட்” என்று சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். சுத்தமாக வந்தது. அப்புறம்தான் காலையில் விட்ட வசவைத் தெளிவாகத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் காதுகுத்து நல்லபடியாக நடந்தது. பிள்ளை என் மடியில் உட்கார்ந்து கத்திய கத்தலுக்கு மைக்கே தேவையில்லை. பந்தியில் அப்பா எலும்புத்துண்டு வரைக்கும் விடவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வரும்போது, அம்மாவின் தம்பி, என் மாமா, எதிரில் வந்தார்.

“என்ன மச்சான், செட்டு எப்படி? புதுசா?”

அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “இல்ல மாப்ள, பழசுதான், ஒட்டுனது” என்று வாயை ஆவென்று திறந்து, விரிசல் இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

மாமா ரெண்டு அடி பின்னால் நகர்ந்து, பந்தல் மூலையில் பாடிக்கொண்டிருந்த பாக்ஸைக் கை காட்டினார்.