ஹெலி வந்து தூக்கினது

2025 நவம்பர் கடைசியில், டித்வா புயல் மழையில் இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் மூன்று இடத்தில் மண் சரிந்துவிட்டது. லயத்து வரிசை வீடுகளின் சனமெல்லாம் பாடசாலையில். நான் அங்கே படிப்பிப்பதால், வந்த அறிவித்தலை வாசித்துச் சொல்வதும் என் பொறுப்பாயிற்று.

'நோயாளிகள் உலங்கு வானூர்தி மூலம் வான்வழியாக இடமாற்றப்படுவர்.'

கால் வீங்கிப் படுத்திருந்த அம்மாயி, "உலங்குன்னா என்னாங்க டீச்சர்?" என்று கேட்டார்.

"ஹெலி, அம்மாயி. ஹெலி வந்து ஒங்கள தூக்கிட்டுப் போகும்."

"அப்புடி சொல்லுங்க" என்றவர் உடனே கம்பளியை மடிக்கத் தொடங்கினார்.

உலங்கு வானூர்தி அழகான சொல்தான். பழைய அகராதியில் உலங்கு என்றால் கொசு. ஆனால் எங்கள் மலையில் அதை வானொலியில் கேட்டிருப்போமே தவிர, யாரும் வாயால் சொல்வதில்லை. ஹெலி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த 'ஹெலி'யும் தப்பான இடத்தில் முறிந்த துண்டுதான். 1861இல் பிரெஞ்சுக்காரர் பொன்தோன் தாமேகூர் கிரேக்கத்திலிருந்து உண்டாக்கிய 'ஹெலிகொப்டர்' என்ற பெயரில் 'ஹெலிகோ' சுருள், 'ப்டெர்' சிறகு. முறிந்தால் என்ன, உயிர் போகிற நேரத்தில் விளங்குகிற சொல்தான் வேண்டும். அறிவித்தல் எழுதுகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்.

தூக்குவது எங்களுக்குப் பழகிய வேலை. வாகனம் ஏறாத லயங்களில் நோயாளியைக் கம்பளியில் கிடத்தி, நாலு மூலையையும் நாலு பேர் பிடித்து ரோட்டுக்குக் கொண்டுவருவார்கள். அதனால் 'தூக்கிட்டுப் போகும்' என்றதுமே அம்மாயிக்குக் காட்சி விளங்கிவிட்டது.

மறுநாள் மைதானத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டோம். காற்றில் பறக்காமலிருக்க, கழன்ற தகரங்களையும் கொழுந்துச் சாக்குகளையும் பொறுக்கி உள்ளே போட்டோம். ஹெலி இறங்கும்போது சரிவு முழுக்கத் தேயிலை ஒரே பக்கமாகச் சாய்ந்து, இலைகளின் அடிப்பக்கம் வெளிறித் தெரிந்தது. மைதானத்துச் சேற்றுத் தண்ணீர் எங்கள் முகத்தில் தெறித்தது.

இரண்டு கிழமைக்குப் பிறகு அம்மாயி போனில் பேசினார். கால் வீக்கம் வற்றிவிட்டதாம். "ஹெலியில தூக்கிட்டுப் போனப்ப பயமா இருந்துச்சா அம்மாயி?" என்றேன்.

"ஹெலி எங்க தூக்கிச்சு? நம்ம பயலுக நாலு பேருதான் கம்பளியோட தூக்கினாங்க. ஹெலியில ஏத்தினாங்க, அம்புட்டுதான்."