கத்தாத நோ

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஓர் அம்மா தன் லாப்ரடோர் கலப்பு நாயை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். "வயசு போட்டுது டொக்டர், ஒன்பது முடிஞ்சுது. சும்மா படுத்தே கிடக்குது. நோ எண்டு ஒரு நாளும் கத்தினதில்லை." வந்த இடத்துப் பதற்றத்தில் நாய் ஒழுங்காகவே நடந்தது.

தொடைகளைத் தடவிப் பார்த்தேன். நெஞ்சும் தோளும் திரண்டிருக்க, பின்னங்கால் சதை வற்றியிருந்தது. பாரமெல்லாம் முன்னங்கால்களுக்குப் போய் நாளாகிவிட்டது. இடுப்பு மூட்டைப் பின்னோக்கி மெதுவாக நீட்டினேன். கத்தவில்லை. இளைத்துக்கொண்டிருந்த வாய் சட்டென மூடியது, ஒருமுறை உதட்டை நக்கி என் கையைத் திரும்பிப் பார்த்தது. நோ அந்த இடுப்பு மூட்டில்தான். முழங்கால் சவ்வும் முதுகெலும்பும் சரியாக இருந்தன. நம்மூரில் உண்ணிக் காய்ச்சலும் மூட்டைப் பிடிக்கும் என்பதால் இரத்தமும் எடுத்தேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் எக்ஸ்ரேயைப் பார்த்துத்தான் நோவை அளப்பேன். மூட்டு உருக்குலைந்து தெரிந்த நாயொன்று டச்சுக் குடாக் கரையில் ஓடித் திரிவதைக் கண்டபிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. இப்போது காலையில் எழும்பும் வீடியோவையும் கேட்பேன். பேரன் வட்ஸ்அப்பில் அனுப்பினான்: டைல்ஸ் தரையில் இரண்டு தரம் வழுக்கி, மூன்றாம் தரம் எழும்பி, படியில் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரித் துள்ளியது.

மருந்து எழுதப் போகையில்தான் அம்மா வாய் திறந்தார். "முந்தநாள் என்ர முழங்கால் குளிசையில பாதி குடுத்தனான்." டைக்குளோபினாக்! நாயின் குடலைப் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும். மலம் கறுக்கவில்லை, தப்பியது. அது உடம்பை விட்டுப் போகட்டும் என்று ஒரு வாரம் கபாபென்டின் என்ற வேறு வகை நோ மருந்தோடு ஓட்டி, ஈரலும் சிறுநீரகமும் சரியெனக் கண்டபின், நாய்க்கும் கொடுக்கக்கூடிய மூட்டு நோ மருந்தான மெலொக்சிகாம் தொடங்கினேன். சாப்பாட்டோடு மட்டும், சத்தி எடுத்தால் உடனே நிறுத்து என்றேன்.

ஆனால் பெரிய மருந்து தராசில் இருந்தது. 38 கிலோ! நூற்றுக்கு ஆறு பங்கு குறைந்தாலே நொண்டல் தணிவது தெரியும். தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட்டை நிறுத்தச் சொன்னபோது அம்மாவின் முகம்தான் வாடியது. தரையில் சாக்கு விரிக்கவும், பந்து எறியாமல் ஈர மணலில் கயிற்றோடு கொஞ்சம் நடத்தவும், கடல் அடங்கிய மாதங்களில் நீந்த விடவும் சொன்னேன்.

ஆறு கிழமை கழித்து 35.8 கிலோ. அம்மா முறைப்பாட்டோடுதான் வந்தார். "இப்ப றோட்டில மானைக் கண்டா கலைக்குது டொக்டர்!"

"அதுக்குத்தானே அம்மா கயிறு எண்டனான்."