அறுப்பதற்கு முன் அடியில் பார்

போன வாரம் என் தம்பி கையில் பிடித்து அறுக்கும் சர்க்குலர் சா (வட்ட ரம்பம்) ஒன்று வாங்கினான். போன் போட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, எந்த பிளேடு நல்லா இருக்கும்?" என்பதுதான். பிளேடை அப்புறம் பார்க்கலாம், அறுக்கப்போகும் பலகைக்கு அடியில் என்ன வைக்கப்போகிறாய் என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. அன்று போனில் சொன்னதை விரிவாக இங்கே எழுதுகிறேன்.

மரவேலையை நான் ஆரம்பித்த புதிதில், 8க்கு 4 அடி ப்ளைவுட் ஒன்றை இரண்டு ஸ்டூல் மேல் போட்டு நடுவில் அறுத்தேன். இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல், அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல், நடுவில் ஒன்றுமே கிடையாது. பாதி தாண்டியதும் ஷீட் தன் எடையாலேயே நடுவில் தொய்ந்தது. அறுத்து வந்த பிளவின் இரண்டு ஓரங்களும் நெருங்கி பிளேடை இறுக்கிப் பிடித்தன. சுழல வழியில்லாத பிளேடின் வேகம் முழுவதும் மெஷினுக்குப் போனது. மெஷின் மேலே எழும்பி, பின்னால் என் பக்கம் பாய்ந்தது. நான் கோட்டுக்கு நேர் பின்னால் நிற்காமல் இடது பக்கமாக நின்றிருந்தேன். அதனால் என் தொடை தப்பியது. ப்ளைவுட்டின் மேல் பிளேடு ஓடிய தடம் ஒரு சாண் நீளத்துக்கு இருந்தது. விரலை வைத்துத் தடவினால் ஒவ்வொரு பல் கொத்திய இடமும் தனித்தனியாகத் தெரிந்தது. அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

7¼ அங்குல பிளேடு நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால், அதன் பல் நுனி மணிக்கு 170 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. மெஷின் இப்படிப் பின்னால் பாய்ந்து உதைக்க ஆரம்பித்த பிறகு கையால் அடக்கிவிடலாம் என்று யாரும் நம்ப வேண்டாம். உதைக்கவே விடாமல் செய்வதுதான் வேலை.

இப்போதெல்லாம் முழு ஷீட் அறுக்க, தரையில் நாலு ரீப்பர் கட்டைகளை (மெல்லிய நீளச் சட்டங்கள்) போட்டு அதன்மேல் ஷீட்டைப் படுக்கவைக்கிறேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. அறுத்து முடித்தாலும் இரண்டு துண்டும் அப்படியே கிடக்கும், எதுவும் தொய்யாது. கெட்டியான தெர்மாகோல் ஷீட்டை முழுசாக விரித்துவிட்டால் இன்னும் நல்லது, பிளேடு அதில் லேசாகக் கீறிக்கொண்டே போகும். பலகையின் முனையை மட்டும் நறுக்குவதென்றால் கதை வேறு. பெரிய பக்கத்தை மேஜையோடு கிளாம்ப் போட்டு, வெட்டுப்படும் முனையைத் தொங்க விட வேண்டும். மெஷினின் அடித்தட்டில் அகலமான பக்கம் மேஜை மேல் இருக்கும் பலகையில் உட்கார வேண்டும், விழப்போகும் துண்டின் மேல் அல்ல.

பிளேடு எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும்? பலகைக்கு அடியில் ஒரு பல் அளவு எட்டிப் பார்த்தால் போதும். முழு பிளேடையும் இறக்கி வைத்து அறுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. அடியில் யார் விரல் இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது.

அடுத்தது கீழ் கார்டு, அதாவது பிளேடின் கீழ்ப்பாதியை மூடும் காப்பு மூடி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு (பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு) அதன் கைப்பிடியைத் தூக்கி விடுங்கள். டக்கென்று திரும்பி வந்து பிளேடை மூட வேண்டும். சோம்பலாக வந்தால் உள்ளே மரத்தூளும் பிசினும் ஒட்டியிருக்கும், சுத்தம் செய்யாமல் அறுக்கக் கூடாது. வசதிக்காக அதில் ஆப்பு செருகித் திறந்தே வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு மெஷினை யார் கொடுத்தாலும் நான் தொட மாட்டேன். அன்று எழும்பிய மெஷின் தரையில் விழுவதற்குள் பிளேடை மூடியது அந்த கார்டுதான்.

பிளேடு பற்றியும் கேட்டானே: சட்டத்தை நீளவாக்கில் வேகமாக அறுக்க 24 பல், ப்ளைவுட்டுக்கு 40 அல்லது 60. முன்பக்கம் பல் கீழிருந்து மேலே ஏறி வெட்டுவதால் சிலும்பு மேல் பக்கம்தான் பெயரும். ஆகவே நல்ல முகம் கீழே. மழுங்கிய பிளேடை வைத்து அழுத்தித் தள்ளுவது உதை வாங்க இன்னொரு வழி.

சுவிட்சை அழுத்தும்போது பல் மரத்தில் படக் கூடாது. முழு வேகம் வந்த பிறகு, இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளுங்கள். நடுவில் சிக்கினாலோ கோடு விலகினாலோ ஓட ஓடப் பின்னால் இழுக்காதீர்கள். சுவிட்சை விடுங்கள், நிற்கும்வரை அப்படியே பிடித்திருங்கள், அப்புறம் வெளியே எடுங்கள். கண்ணாடியும் காதடைப்பும் எப்போதும் உண்டு. தொளதொள கையுறை மட்டும் வேண்டவே வேண்டாம், பிளேடு அதைப் பிடித்தால் கையும் கூடவே போகும்.

நேற்று தம்பி போட்டோ அனுப்பினான். நாலு ரீப்பர், கோடு விலகாமலிருக்க கிளாம்ப் போட்ட நேர்கட்டை, ஒரு பல் ஆழம், எல்லாம் சரி. பெரிதாக்கிப் பார்த்தேன். மெஷினின் ஒயர் முன்னால் வந்து, அறுக்கும் கோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. உடனே கூப்பிட்டேன். இரண்டாவது ரிங்கில் எடுத்தான். "இன்னும் ஆன் பண்ணலக்கா" என்றான்.