இரண்டு கிழமை

கனடாவில் என் சின்னம்மாவின் மகன் முன்வைத்த அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீடும் தள்ளுபடியானபோது, அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு கோர எங்களுக்கு 15 நாளே இருந்தது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சிங்கப்பூர் சேரவில்லை. ஆகவே இங்கே இந்த நடைமுறையை அறிந்தவர் யாரையும் எனக்குத் தெரியாது.

முதல் சில நாள்களை ஊரிலிருந்து கடிதங்களும் சான்றுகளும் திரட்டுவதில் வீணாக்கினேன். டொராண்டோவில் காலை 9 மணி, இங்கே இரவு 9 மணி. வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார். தம்பி சொல்வது உண்மையா என்று நீதிமன்றம் புதிதாக விசாரிக்காது. எடுக்கப்பட்ட முடிவு நியாயமான காரணங்களோடு, முறையான விசாரணையின் வழியே எடுக்கப்பட்டதா என்றுதான் பார்க்கும். விசாரணை முறையிலேயே குறை நேர்ந்ததைக் காட்டுவது போன்ற சில ஆதாரங்களைத் தவிர, புதியவற்றுக்கு இடமில்லை.

அதன்பிறகே விசாரணையின் ஒலிப்பதிவைக் கேட்கத் தொடங்கினேன். மூன்றாம் இரவு அந்த இடம் வந்தது. தன்னைப் பிடித்து வைத்திருந்ததைப் பற்றி, "ரெண்டு கிழமை வச்சிருந்தவங்கள்" என்கிறான் தம்பி. யாழ்ப்பாணத்தில் கிழமை என்றால் வாரம். என் அம்மா இன்றும் அப்படித்தான் சொல்வார். மொழிபெயர்ப்பாளரோ இரண்டு நாள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். எழுத்து வாக்குமூலத்தில் 14 நாள் என்று இருந்ததால், முரணாகப் பேசுகிறார், நம்பத்தக்கவரல்லர் என்று முடிவு செய்துவிட்டார்கள். மொழிபெயர்ப்பு சரியில்லை என்று மேல்முறையீட்டில் முறையிட்டிருந்தும், அதை ஒற்றை வரியில் கடந்திருந்தார்கள். கோரிக்கையாளரின் நம்பகத்தன்மையே கேள்வியாகும்போது அவருக்கு வாய்மொழி விசாரணை தரவேண்டும் என்று 1985இல் சிங் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொன்னது ஒன்று, பதிவானது வேறொன்று என்றால், அத்தகைய விசாரணை நடந்ததாகவே நான் கருதவில்லை.

உறவினரின் காது போதாது என்பதால், தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அந்தப் பகுதியைக் கேட்டுச் சத்தியக்கடதாசி கொடுத்தார். மறுஆய்வு கோரிக்கையை விசாரிக்கவே முதலில் நீதிமன்றத்தின் அனுமதி கிடைக்க வேண்டும். மறுத்தால் பெரும்பாலும் காரணம் கூறமாட்டார்கள், அதை எதிர்த்து மேல்முறையீடும் இல்லை. அந்த மாதங்களில் அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சிராங்கூன் சாலை காளியம்மன் கோயிலுக்குப் போய்வந்தார்.

அனுமதி கிடைத்தது. பின்னர் நீதிபதி பழைய முடிவை ரத்து செய்து, மேல்முறையீட்டு அமைப்பின் வேறோர் உறுப்பினர் மீண்டும் விசாரிக்க உத்தரவிட்டார். தம்பிக்கு இன்னும் அகதித் தகுதி கிடைக்கவில்லை. மறுவிசாரணைக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்டு எழுதியபோது, தமிழ் என்பதோடு நிறுத்தாமல், இலங்கைத் தமிழ், யாழ்ப்பாண வழக்கு என்றும் எழுதச் சொன்னேன்.